மோட்டார் அறை

கெரிஞ்சியில் பதினெட்டு மாடி.
பி பிளாக்கின் இரண்டு லிஃப்டில்
ஒன்று நின்றுபோய் எட்டு மாதம்.
மற்றது என் பொறுப்பு.

உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு மஞ்சள் அட்டை. மாதத்துக்கு ஒரு கட்டம்.
மார்ச், ஏப்ரல், மே, ஜூன்:
நான்கிலும் என் கையெழுத்து.
நான்கு மாதமும் நான் மேலே போகவில்லை.

கடைசி மாடிக்கு மேல் ஓர் இரும்பு ஏணி,
அதன் உச்சியில் மோட்டார் அறை, புறா எச்சம், அனல்.
நாளைக்கு ஆறு கட்டடம், ஆள் நான் ஒருவன்.
கீழ்த்தளத்திலேயே கதவைக் காலால் தடுத்தபடி போட்டேன்.
முதல் மாதம் கை கொஞ்சம் நடுங்கியது.
இரண்டாம் மாதம் மை வரவில்லை, பேனாவை உதறினேன்.
நான்காம் மாதம், போடும்போதே
கிளாடிஸோடு போனில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் முழுக்கச் சபையில்
பயத்தை விரட்டும் ஜெபம்.
போதகர் எண்ணெய் தொட்டு நெற்றியில் வைப்பார்.
விரட்ட எனக்கு நிறைய இருந்தது:
கிளாடிஸின் மார்பில் கட்டி,
ஒப்பந்தம் முடியும் மாதம்,
என்சிக் ரஸ்லானின் முகம் சுருங்கினால்
என் வயிற்றில் கரையும் புளி.
விரட்டினோம். போயின. பொய்யில்லை.
ரிப்போர்ட் வருவதற்கு முந்தின ராத்திரி
அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன்.
அந்தத் தூக்கத்துக்கு இன்றைக்கும் ஸ்தோத்திரம்.

ஆனால் வீட்டைக் கூட்டும்போது
குப்பையோடு சாவியும் போய்விடுவதில்லையா,
அப்படி ஒன்றும் சேர்ந்து போயிருந்தது.
நான் தேடவில்லை.

ஜூலைக் கட்டத்துக்குப் பேனா எடுத்தேன்.
கதவிடுக்கில் ஒரு பள்ளிப்பை நுழைந்தது,
பின்னாலேயே ஏழு வயதுப் பிள்ளை,
கையில் ரப்பர் பேண்ட் கட்டிய மைலோ ஐஸ்.
"அங்கிள், இது உங்க பேரா?"
எபனேசர் என்று எழுத்துக் கூட்டினாள்.
ஈர விரல் கட்டம் கட்டமாக இறங்கியது.
"எல்லாத்துலயும் நீங்கதான்."

அவ்வளவுதான். பதினாறை அமுக்கினாள்.
நான் வெளியே வந்துவிட்டேன், கதவு மூடியது.
நிலைக்கு மேலே எண்கள்:
நான்கு, ஐந்து, ஆறு

இது பழைய பயங்களில் ஒன்றல்ல.
வேலை போகாது; ரஸ்லான் அந்த அட்டையைப் பார்க்கவே மாட்டார்.

ஒன்பது

என்னை நேசிக்கிற ஒருவர்
நான்கு மாதமாக என் தோளுக்கு மேலே எட்டி
அந்தக் கையெழுத்துகளை
வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.
ஒன்றும் சொல்லாமல்.

பதிமூன்று

பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது:
ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னைவிட்டு
அதோடு நிறுத்தினேன்.
பதினாறு எரிந்தது. எங்கோ உயரத்தில் கதவு திறக்கும் மணி.

படியில் ஏறினேன்.
லிஃப்ட் காலி என்று பார்த்து, மெயினை அடைத்து,
பழைய பனியன் துணியை வடத்தில் சுற்றிப் பிடித்து
சக்கரத்தைக் கையால் திருப்பினேன்.
துணி வழுக்கிக்கொண்டு போனால் நல்லது.
மூன்றாம் வடத்தில் சிக்கியது.
ஒரு முழம் தள்ளி மறுபடியும்.
அறுந்த இழைகளைப் பதினொன்றுவரை எண்ணினேன்,
அதற்குமேல் டார்ச் நிலையாக நிற்கவில்லை.

ரோசாக் என்று சிவப்பு அட்டை தொங்கவிட்டு வந்தால்
மூன்று மொழியில் திட்டு.
பதினோராம் மாடி மிஸ்டர் ஊய்
டயாலிசிஸ் முடிந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தார்,
திட்டக்கூடத் தெம்பில்லை.
நானும் காவலாளிப் பையனும்
பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினோம்.
ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்தோம்.
ஒவ்வொரு முறையும் அவர் தேங்க்யூ சொன்னார்.
அதுதான் தாங்கவில்லை.

ரஸ்லானிடம் நான்கு மாதத்தையும் சொன்னேன்.
"இப்போது ஏன் சொல்கிறாய்?"
தாகுட் என்றேன். மலாயில் வேறு சொல் வரவில்லை.
"யாருக்கு?"
நான் பதில் சொல்லவில்லை.
அவரும் திரும்பக் கேட்கவில்லை,
தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

வேலை இருக்குமா, தெரியாது.
ஞாயிறன்று போதகர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.
எதற்காக ஜெபிக்கட்டும், தம்பி?

கிளாடிஸுக்கு வெள்ளிக்கிழமை ஸ்கேன், என்றேன்.
அதற்கு மட்டும்.